நான்கு நாள் காற்றழுத்தம்

நான் எழுதிய முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்னையே பிடித்துக் கொடுத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் கைப்பட பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில், வரி எண் போட்டுச் செய்தேன். என்னோடு சேர்த்து இன்னொருவரையும் அது பிடித்தது. அவர் பாவம் செய்யவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது கை கூசுகிறது.

எண்பதுகளின் நடுவில் மதுரைக்கு வெளியே ஒரு இயற்பியல் துறையில் நான் ஆராய்ச்சி மாணவன். துறைக் கட்டடத்துக்குப் பின்னால், சைக்கிளில் போனால் ஐந்து நிமிடத்தில், கருவேல மரங்களுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதற்குள்தான் எங்கள் கருவி. வானத்தின் உச்சியிலிருந்து மியூவான் என்ற துகள்கள் இரவு பகலாக நம் தலைமேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. நமக்குத் தெரிவதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தட்டுகள் வைத்திருந்தோம். ஒரு துகள் இரண்டையும் ஊடுருவிப் போனால் இரண்டும் ஒரே கணத்தில் மின்னும். பெட்டியில் ஓர் எண் கூடும். மணிக்கு மூவாயிரத்து அறுநூறு போல வரும். காற்றழுத்தம் கூடினால் துகள்கள் வழியிலேயே கொஞ்சம் நின்றுவிடும், எண்ணிக்கை குறையும். அழுத்தம் இறங்கினால் எண்ணிக்கை கூடும். எவ்வளவுக்கு எவ்வளவு என்று இந்தச் சமவெளியில் அளந்து சொல்வதுதான் என் ஆய்வேடு.

கருவி தானாக எதையும் எழுதாது. மணிக்கொரு தரம் ஓர் ஆள் போய்ப் பார்த்து எழுத வேண்டும். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒன்பது தரம். பதிவேட்டில் எண்ணிக்கை, மின்னழுத்தம், சுவரில் தொங்கிய பாரமானி காட்டும் காற்றழுத்தம், எல்லாம் எழுதி நாளுக்கொரு பக்கம், அடியில் கையெழுத்து. ஒரு வாரம் நான், மறு வாரம் பாய்.

பாய் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தினக்கூலி டெக்னீஷியன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பழைய ஊருக்குள் அவர் வாப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பாய் பற்றவைத்த ஒரு கம்பி விட்டுப்போய் நான் பார்த்ததில்லை. நான் பற்றவைத்தவை விட்டுப்போகாமல் இருந்ததும் இல்லை. ஆட்கள் இருந்தால் என்னை 'சார்' என்பார், தனியாக இருந்தால் 'தம்பி' என்பார். ஆறு வருடமாகத் தினக்கூலி. அந்த வருடம்தான் அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் நகரத் தொடங்கியிருந்தது. அதற்கு அலுவலகம் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: ஒரு வருட வருகையில் முறிவு இருக்கக் கூடாது. அவர் முறை வாரங்களில் பதிவேட்டுக் கையெழுத்துதான் வருகைக்குக் கணக்கு.

ஐப்பசியில் அவர் தங்கைக்கு நிக்காஹ் வைத்தார்கள். ராமநாதபுரம் பக்கம் மாப்பிள்ளை வீடு. அண்ணன்காரர் ஒரு வாரமாவது போய் நிற்க வேண்டும். போனால் வருகை முறியும். பாய் என்னிடம் வந்து நின்றார்.

"தம்பி, ஆறு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். எண்ணு மட்டும் நீங்க எடுத்து எழுதிருவீகளா?"

"இதுக்குப் போயி கேக்கணுமா பாய்? அட்ஜஸ்ட் பண்ணிக்கிருவோம்."

எங்கள் துறையில் அட்ஜஸ்ட் என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு. வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டிக் கையெழுத்திடுவது பேனா இரவல் கொடுப்பது போல் சாதாரண விஷயம். எல்லாரும் செய்தார்கள், யாரும் தவறு என்று நினைத்ததில்லை. அவர் திங்கள் முதல் சனி வரை ஆறு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

திங்களும் செவ்வாயும் ஒழுங்காகப் போனேன். புதன்கிழமை காலையில் வானம் பொத்துக்கொண்டது. காளவாசலில் ஒரு பாத்திரக் கடை மாடியில் என் அறை. கீழே சந்திப்பில் முழங்கால் தண்ணீர், பஸ்கள் நின்றுவிட்டன. அன்று நான் போகாததற்கு மழையைக் காரணம் சொல்லலாம். ஆனால் அன்றைக்குத்தான் வடக்கே ஒரு ஊரில் ஐந்து நாள் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கியது. டிரான்சிஸ்டரைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். வியாழன் மத்தியானமே பஸ் ஓடியது. அது எனக்குத் தெரியும், ஹாரன் சத்தம் கேட்டது. நான் போகவில்லை. வெள்ளியும் போகவில்லை, சனியும் போகவில்லை. ஆட்டத்தை இடையில் விட மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. அதைவிட நல்ல காரணம் ஏதாவது கிடைக்குமா என்று பல வருடம் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கொட்டகைக்குப் போய்ப் பதிவேட்டை எடுத்து அந்த நான்கு நாள் பக்கங்களை நிரப்பினேன். சும்மா நிரப்பவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கதை கட்டி எண் எழுதுகிறவன் செய்யும் தவறு என்னவென்று எனக்குத் தெரியும். எல்லா எண்ணையும் சராசரிக்குப் பக்கத்திலேயே எழுதுவான். இயற்கை அப்படி இல்லை. மூவாயிரத்து அறுநூறு வரும் இடத்தில் ஒரு மணிக்கு அறுபது கூடும், அடுத்த மணிக்கு ஐம்பது குறையும், எப்போதாவது நூற்றைம்பதும் தவறும். அதனால் புள்ளியியல் புத்தகத்தின் பின்னால் இருக்கும் சீரற்ற எண்கள் அட்டவணையைப் பிரித்து வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, வேண்டிய அளவுக்குச் சிதறவிட்டேன். காற்றழுத்தத்தைப் போன வாரப் பக்கத்தைப் பார்த்து எழுதினேன். காலை பத்து மணிக்கு ஏறி, மாலை நான்கு மணிக்கு இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தையும் விடாமல் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாய் திரும்பி வந்தபோது ஒரு டப்பா தம்ரூட் இனிப்பு கொண்டுவந்தார். "நீங்க இல்லைன்னா நா போயே இருக்க முடியாது தம்பி" என்றார். நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் போயிற்று. என் வழிகாட்டிப் பேராசிரியர் வெளிநாட்டில் ஒரு பெரிய துகள் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். சிக்கனமாகப் பேசுகிற மனிதர். வந்ததும் அவர் சொன்னது, அங்கே பார்த்த ராட்சத இயந்திரங்களைப் பற்றி இல்லை.

"அங்க டேட்டாவை மனுசன் பாக்குறதுக்கு முந்தி மெஷின் பாக்குதுப்பா. இந்த மணி நேரம் நல்லது, இந்த மணி நேரம் ஆகாதுன்னு அதுவே பிரிச்சுப் போட்டுருது. நமக்குப் பிடிச்ச ரிசல்ட்டு வருதேன்னு கெட்டதை வச்சுக்கிட முடியாது, பிடிக்கலைன்னு நல்லதைத் தள்ளவும் முடியாது. நாமளும் அப்படி ஒண்ணு எழுதுவோம்."

நாம் என்றால் நான். துறைக்கு அப்போதுதான் ஒரு மைக்ரோ கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்கென்று ஓர் அறை, ஏசி, கப்பலூரில் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்த ஸ்டெபிலைசர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதினெட்டு மாதப் பதிவேட்டையும் மணி மணியாகத் தட்டி ஏற்றினேன். சோதனைகள் மூன்று எழுதினேன். மின்னழுத்தம் சரியாக இருந்ததா? எண்ணிக்கை எல்லைக்குள் இருக்கிறதா? மூன்றாவது, ஒரு நாளின் எண்கள் இயற்கையாகச் சிதறுகின்றனவா, அல்லது அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கின்றனவா? நல்ல மணிக்குப் பிரிண்டர் ஒரு புள்ளி போடும், கெட்ட மணிக்கு நட்சத்திரம்.

அந்த மூன்றாவது சோதனையை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எழுதினேன். ஓட்டிப் பார்த்தேன். பாயின் அந்த ஐப்பசி வாரம் முழுக்கப் புள்ளிகள். ஒரு நட்சத்திரம்கூட இல்லை. என் கைவரிசை அப்படி. பெருமூச்சு விட்டேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்துப் பேராசிரியர் ஒரு தடித்த பழுப்பு உறையை என் மேஜையில் போட்டார். விமான நிலையத்து வானிலைப் பதிவு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் அவர்கள் எடுத்த காற்றழுத்தம், பதினெட்டு மாதத்துக்கும்.

"நாலாவது சோதனை. நம்ம பாரமானி சரியா காட்டியிருக்கான்னு இதோட ஒப்பிட்டுப் பாரு, நடுவுல உள்ள மணிக்குச் சராசரி போட்டுக்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எப்பவும் ஒண்ணாத்தான் இருக்கணும்."

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. புதன் முதல் சனி வரை கொட்டிய மழை, வங்காள விரிகுடாவிலிருந்து வந்த தாழ்வு மண்டலத்து மழை. காற்றழுத்தம் தடாலென்று இறங்கியிருக்கும். நான் எழுதியதோ போன வாரத்து நல்ல வெயிலின் காற்றழுத்தம். எண்களைச் சிதறவிடத் தெரிந்த எனக்கு, சன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழையைக் கணக்கில் எடுக்கத் தெரியவில்லை. நான்கு நாள் மழையைக் கேட்டுவிட்டு வெயிலை எழுதியிருக்கிறேன்.

அந்தத் தாள்களை ஏற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் தட்ட வேண்டும். வாசிக்க உட்கார்ந்தவர் பாய். அவருடைய ஃபைல் அப்போது கடைசிக் கட்டத்தில் இருந்தது. பேராசிரியரின் பரிந்துரைக் குறிப்பு ஒன்றுதான் பாக்கி. மனிதர் மிக உற்சாகமாக இருந்தார். நான் அந்த ஐப்பசிப் பக்கம் வராமல் போய்விடாதா என்று நினைத்துக்கொண்டே தட்டினேன். மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு" என்று வாசித்துவிட்டு பாய் நிமிர்ந்தார். "என்ன தம்பி, இம்புட்டு கொறைஞ்சு கெடக்கு? ஓ, இது நம்ம நிக்காஹ் வாரம்ல. அங்கயும் பந்தலே பிச்சுக்கிட்டுப் போச்சு. இந்த மழையிலயா தம்பி நீங்க கொட்டகைக்குப் போனீக?"

திரையைப் பார்த்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு என்று தட்டினேன். என் விரல் செய்தது என்று சொல்ல மாட்டேன். நான்தான் செய்தேன்.

ஒவ்வொரு வரியையும் அவர் எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பார். பற்றவைப்பதில் மட்டுமல்ல, எதிலும் அவர் அப்படித்தான். "தம்பி, எண்பத்தெட்டு. நீங்க தொண்ணூத்தாறுன்னு போட்டுட்டீக. மாத்துங்க."

மாற்றினேன். அவரே தமக்கு எதிரான சாட்சியை எண் எண்ணாகத் திருத்திக் கொடுத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். வாய் வரைக்கும் வந்தது. 'அடுத்த வரி பாய்' என்றுதான் வெளியே வந்தது.

எனக்கு இன்னும் ஒரு தந்திரம் பாக்கி இருந்தது. வித்தியாசம் எத்தனை மில்லிபார் தாண்டினால் நட்சத்திரம் போட வேண்டும் என்று முடிவு செய்வது நான்தானே. பத்து என்று வைத்தேன். பத்து வைத்தால் எந்த மழையும் தப்பிவிடும். மறுநாள் காலையில் பேராசிரியர் புரோகிராம் தாளை வாங்கி வரி வரியாகப் பார்த்தார். பத்து என்ற இடத்தில் பேனா நின்றது.

"இது என்ன, பத்து? ரெண்டு போதும்ப்பா." அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார்.

அப்போதே ஓட்டச் சொன்னார். பாயும் வந்து நின்றார்; பிரிண்டரில் தாள் சிக்கினால் அவர்தான் எடுத்துவிடுவார். பிரிண்டர் கிரீச் கிரீச் என்று மாதம் மாதமாகப் புள்ளிகளை அடித்துக்கொண்டு வந்தது. அங்கங்கே ஒரு நட்சத்திரம், கரண்ட் போன மணிகள். ஐப்பசி வந்தது. திங்கள், செவ்வாய் புள்ளிகள். பிறகு நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம், நான்கு நாளும் ஒரு மணி விடாமல். அதற்கடுத்த திங்களிலிருந்து மறுபடி புள்ளிகள்.

பேராசிரியர் தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார். "பாரமானி கெட்டுப்போயி தானா சரியாகாது. பதிவேட்டை எடு."

எடுத்து வைத்தேன். பக்கத்தைப் புரட்டினார். பக்கத்தின் அடியில் பாயின் கையெழுத்து, எப்போதும் போலத் தெளிவாக. அந்தப் பக்கங்களில் எண்கள் மட்டும் என் கையெழுத்தில் இருந்தன. ஆனால் எங்கள் பதிவேட்டில் யார் கை எழுதியது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒருவர் எழுத ஒருவர் வாசிப்பதும் உண்டு. கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு.

"என்ன பாய் இது?" என்றார் பேராசிரியர்.

பாய் தாளைப் பார்த்தார். பதிவேட்டைப் பார்த்தார். மழை, நிக்காஹ், எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று அவர் முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்வது எனக்குத் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

அதைவிடக் கேவலமான ஒன்றை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. பொய் எண் எழுதியதுகூட இரண்டாம் பட்சம்தான்.

"பாத்துச் சொல்றேன் சார்" என்றார் பாய்.

"பாருங்க. உங்க ஃபைலுக்கு நா இன்னைக்கு நோட் எழுதணும். அஞ்சு மணிக்கு ஆபீசுக்குப் போகுது."

சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பாய் எனக்காகக் காத்திருந்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நீங்க போகவே இல்லையா?"

"ரெண்டு நாள் போனேன் பாய். அப்புறம் மழை."

"மழைன்னா எழுதாம விட்டிருக்கலாம்ல?"

"எழுதாம விட்டா நீங்க வரலைன்னு தெரிஞ்சிரும்னு..."

"எனக்காகவா எழுதுனீக?"

அவருக்காக எழுதவில்லை. அது அவருக்கும் தெரிந்தது.

"வெறும் பக்கத்துல கையெழுத்துப் போட்டது என் தப்பு. அதை நா போயி சொல்லிக்கிறேன். எண்ணு போட்டது நீங்க. அதை நீங்க சொல்லுங்க சார்."

தனியாக இருந்தும் சார் என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் தம்பி என்று சொன்னதில்லை.

அப்போது மணி பதினொன்றரை. சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கால்தான் நகரவில்லை. சொன்னால் என் ஆய்வேடு போய்விடும், உதவித்தொகை போய்விடும், சமயநல்லூர்ப் பக்கம் நெல்லும் பருத்தியும் போட்டுக்கொண்டு, பையன் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறான் என்று பரவைச் சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிற அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் பாயின் ஏழு வருடம் போய்விடும். தராசில் வைத்துப் பார்க்கவே கூடாத இரண்டை நான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்கு, யோசித்துவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். நாளை என்று ஒன்று கிடையாது, ஃபைல் ஐந்து மணிக்குப் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். காளவாசல் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. "அண்ணே, நிறுத்துங்க" என்று இறங்கித் திரும்பி நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் நடந்தேன் என்பதைவிட, நின்றுவிடுவேனோ என்ற பயத்தில் ஓடினேன் என்று சொல்வதுதான் சரி.

நான் உள்ளே போனபோது பாய் ஏற்கெனவே பேராசிரியர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முன்கூட்டிக் கையெழுத்திட்டதைச் சொல்லிவிட்டிருந்தார். என் பெயரைச் சொல்லவில்லை. யார் எண் எடுத்தார்கள் என்று பேராசிரியர் கேட்டபோது, 'அது அவுகளே சொல்லுவாக' என்று மட்டும் சொன்னாராம். மணி நாலே முக்கால்.

எல்லாவற்றையும் சொன்னேன். சீரற்ற எண்கள் அட்டவணை உட்பட.

"மழைன்னு ஒரு வார்த்தை எழுதிட்டு காலியா விட்டிருந்தா அதுவும் டேட்டாதான்" என்றார் பேராசிரியர். "மழையினாலதான் போகலையா?"

"இல்லை சார். கிரிக்கெட் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார். "யாரு ஜெயிச்சது?"

"டிரா சார்."

"டிராவா" என்றார். பாயின் ஃபைலை இழுத்து எழுத ஆரம்பித்தார். முன்கூட்டிக் கையெழுத்திட்டதை மறைக்கவில்லை. பொய் எண் இவருடையது இல்லை என்பதையும் எழுதினார். ஃபைல் அந்த முறை திரும்பி வந்துவிட்டது. வருகையை முதலிலிருந்து எண்ணச் சொன்னார்கள். பாய்க்கு ஆணை வர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நான் பதினொன்றரை மணிக்கே சொல்லியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். நான் அந்த வியாழக்கிழமை பஸ் ஏறியிருந்தால் ஆகியிருக்காது.

எனக்கு என்ன தண்டனை என்று காத்திருந்தேன். மறுநாள் காலையில் பேராசிரியர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

"அந்த நாலு நாளை எடுத்தாச்சு. மிச்சம் உன் வாரங்களை என்ன பண்றது?"

"அதெல்லாம் உண்மையா எடுத்தது சார். ஒண்ணுகூட..."

"இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? மெஷினுக்கு எப்படித் தெரியும்? உன் நம்பர் மூணு சோதனையிலயும் பாஸ் ஆகியிருக்கு. அவ்வளவு நல்லா எழுதத் தெரிஞ்சவன் எழுதின எதை நம்புறது?" குரலை உயர்த்தவே இல்லை. "அஞ்சாவது சோதனை எழுது. ஆள் வாரியா."

எழுதினேன். நான் ஒன்று, பாய் இரண்டு. அவர் வாரத்தில் நான் எடுத்த அந்தத் திங்களும் செவ்வாயும் ஒன்றில்தான் சேர்ந்தன. பார்வையாளர் எண் ஒன்றாக இருந்தால் நட்சத்திரம். அவ்வளவுதான், ஒரே வரி. அதைத் தட்டிவிட்டு ரிட்டர்ன் பொத்தானை அழுத்த எனக்கு வெகு நேரம் பிடித்தது. பிரிண்டர் மறுபடி ஓடியது. ஒரு வாரம் புள்ளி, ஒரு வாரம் நட்சத்திரம், ஒரு வாரம் புள்ளி, ஒரு வாரம் நட்சத்திரம். வெயிலிலும் காய்ச்சலிலும் சைக்கிள் மிதித்து நான் நிஜமாகவே எடுத்த ஒன்பது மாத எண்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. என்னை வெளியே அனுப்பியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அதன் பிறகு எண் எடுப்பது முழுக்க பாய்தான். நான் கொட்டகைக்குள் போகலாம், பெட்டியைக் கழற்றலாம், மாட்டலாம். பதிவேட்டில் பேனா வைக்கக் கூடாது. பாய் என்னோடு பேசாமல் இல்லை. 'சார், மேல் தட்டு சூடா இருக்கு', 'சார், ஃப்யூஸ் போச்சு' என்று வேலைக்கு வேண்டியதைப் பேசினார். மன்னிப்புக் கேட்டேன். 'சரி சார்' என்றார். அந்தச் 'சரி'யில் ஒன்றும் இல்லை. நிரந்தர ஆணை வந்த அன்று துறையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், எல்லாருக்கும் கொடுத்தது போலவே. வாங்கிக்கொண்டு என் அறைக்குப் போய் அழுதேன்.

ஆய்வேடு இரண்டு வருடம் தாமதமாக முடிந்தது. வாய்மொழித் தேர்வை எல்லார் முன்னிலையிலும் நடத்துவது வழக்கம். துறையின் வகுப்பறையில் பேராசிரியர்கள், மாணவர்கள், கடைசி வரிசையில் பாய். அப்பாவும் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாவற்றையும் கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் ஆய்வேட்டின் நடுப்பகுதியைப் பிரித்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"தரச் சோதனை நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் புரியவில்லை. முதல் பதினெட்டு மாதத்தில் பாதி மணி நேரங்களை நீக்கியிருக்கிறீர்கள். காரணம் என்ற இடத்தில் 'பார்வையாளர் ஒன்று' என்று மட்டும் இருக்கிறது. அந்த ஆளிடம் என்ன கோளாறு?"

பேராசிரியரைப் பார்த்தேன். அவர் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. ஆங்கிலத்தில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது.

"அந்த ஆள் நான்தான் ஐயா" என்று தமிழில் சொன்னேன். "நாலு நாள் எண் எடுக்காம, எடுத்ததா எழுதிட்டேன். இந்த ஆய்வேட்டுல இருக்குற எண்ணு அம்புட்டும் இன்னொருத்தர் எடுத்தது. அவர் கடைசி வரிசையில இருக்கார்."

எல்லாரும் திரும்பினார்கள். நானும் பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தது. மணி பதினொன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது. பாய் எண் எடுக்கப் போயிருந்தார்.